பேர் அடித்த டம்ளர்

நம் வயதுக்காரர்கள் வீட்டுப் பரணில் ஏறிப் பார்த்தால் பேர் வெட்டிய பாத்திரம் ஒன்றாவது கிடைக்கும். கல்யாணச் சீராக வந்த டம்ளர், போசி, சாப்பிடுகிற வட்டல் எல்லாவற்றிலும் சின்ன உளியால் புள்ளி புள்ளியாகக் குத்தி எழுதிய பேர் இருக்கும். அதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வெட்டிய பேரை அடித்துவிட்ட பாத்திரத்தைப் பார்த்திருக்க மாட்டீர்கள். என்னிடம் ஒன்று இருக்கிறது. பேரை அடித்து நாற்பது வருடம் ஆகிறது, இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். பாசத்தால் இல்லை.

நான் அதிகம் பேசுகிற ஆள் கிடையாது. பத்தாவதோடு படிப்பு நின்றது. பிறகு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. துணியில் ஓட்டை எங்கே, கறை எங்கே என்று பார்த்து ஸ்டிக்கர் ஒட்டுவதற்கு வாய் தேவையில்லை. அப்படிப்பட்ட நான் போன மாதம் எங்கள் ஊர்ச் சமுதாயக் கூடத்தில் அத்தனை பேர் முன்னால் மைக்கில் பேசிவிட்டேன். அன்றிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லாம், ஏனுங்க, வயசான அம்மாளைப் போய்ச் சபையில் வைத்து இப்படிச் சொல்லலாமா என்று கேட்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். உங்களுக்கு அந்தக் காலம் தெரியும்.

எனக்கு அப்போது பத்து வயது. வெள்ளகோவிலுக்குப் பக்கத்தில் தோட்டத்து வீடு. அப்பா, அம்மா, நான், அப்புறம் அத்தை. அத்தை என்றால் அப்பாவின் அக்கா. கட்டிக்கொடுத்த இரண்டாம் வருடமே மாமா இறந்துபோனார். பிள்ளை இல்லை. தம்பி வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள். சாவிக்கொத்து அவள் இடுப்பில்தான் தொங்கும். அப்பா அவள் சொல்லைத் தாண்ட மாட்டார். அம்மா அவளை நாத்தனார் முறையில் நங்கையா என்று கூப்பிடுவாள். அத்தை அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாள். கூப்பிடுகிற நீளத்தை வைத்தே வேலை வருகிறதா, திட்டு வருகிறதா என்று நான் கண்டுபிடித்துவிடுவேன்.

அந்த வருடம் ஆனி மாதம், குளிக்கத் தண்ணி வார்த்துக்கொள்ளும்போது அம்மாவுக்கு இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. கடலைப்பருப்பு அளவுதான். வலி இல்லை. அத்தையிடம் சொன்னாள். இருவரும் டவுனுக்குப் போனார்கள். டாக்டர் பார்த்துவிட்டு, புத்து மாதிரி தெரிகிறது, தள்ளிப்போடாமல் கோயம்புத்தூர் போய்விடுங்கள் என்றாராம்.

புத்தகத்தில் அது புற்று. எங்கள் வாயில் இரண்டுமே புத்துதான். நோயும் புத்து, பாம்பு குடியிருக்கிற மண்மேடும் புத்து. முந்தின மாதம்தான் மிளகாய் நாற்று விட இடம் வேண்டுமென்று கிணற்றோரம் இருந்த ஒரு மண்புத்தை அம்மா ஆள் வைத்து வெட்டிச் சமப்படுத்தியிருந்தாள். அத்தைக்கு அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. வெட்டின புத்து நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டது, டாக்டரே சொல்லிவிட்டார் என்று அக்கம்பக்கமெல்லாம் சொன்னாள். ஒன்பது செவ்வாய்க்கிழமை பால் ஊற்றி முட்டை வைத்தால் கரைந்துவிடுமாம். கோயம்புத்தூரை அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாமாம். அப்பா தலையாட்டினார்.

ஒன்பது செவ்வாய்க்கும் பால் சொம்பைத் தூக்கிக்கொண்டு போனது நான். ஆடிக் காற்று மண்ணை வாரிக் கண்ணில் அடிக்கும். அங்கே புத்தே இல்லை, பாத்திதான் இருந்தது. அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மிளகாய் நாற்றுகளுக்கு நடுவே குனிந்து பாலை ஊற்றுவாள். நாற்று நன்றாக வந்தது. கட்டியும் வந்தது. ஒன்பதாவது செவ்வாய்க்கு அது நெல்லிக்காய் அளவு ஆகியிருந்தது. இப்போது நினைத்தால் பற்களைக் கடித்துக்கொள்கிறேன். அப்போது, நல்ல முட்டை வீணாகிறதே என்பது மட்டும்தான் என் கவலை.

கோயம்புத்தூரில் அம்மாவுக்கு ஒரு பக்கத்து மார்பை எடுத்தார்கள். அப்பாவும் அம்மாவும் அங்கே இருந்த வாரத்தில் எங்கள் வழியாகப் பேர் வெட்டுகிறவர் சைக்கிளில் வந்தார். அம்மாவின் சீர் டம்ளர்கள் ஆறு. ஆறும் ஒரே மாதிரி, ஆறிலும் அம்மாவின் பேர். அத்தை அதில் ஒன்றை எடுத்து நீட்டி, அந்தப் பேரை அடித்துவிடச் சொன்னாள்.

அவர் டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பேர் வெட்டச் சொல்லுவாங்க. வெட்டுன பேர அடிக்கச் சொன்ன மொத ஆள் நீங்கதானுங்க."

"அவளுக்கு ஆகாத சீக்கு. எனக்கு எழுத்துத் தெரியாது. எது அவளுதுன்னு தொட்டாத் தெரியோணும். அடிச்சு உடுங்க" என்றாள் அத்தை.

உளிச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. பேர் வெட்டும்போது அந்தச் சத்தம் சிட்டுக்குருவி கொத்துவது போல விட்டு விட்டுக் கேட்கும். அன்று விடாமல் ஒரே கோடாகக் கேட்டது. பேரின் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரைக்கும் குறுக்கே ஒரு பள்ளம். வட்டலுக்கும் அப்படியே. அன்றிலிருந்து அத்தை தன் வாயிலிருந்தும் அந்தப் பேரை அடித்துவிட்டாள். அதற்கப்புறம் அம்மா வெறும் 'அவ'. கோபம் வந்தால் 'சீக்காளி'.

அம்மா வீட்டுக்கு வந்து அந்த டம்ளரை முதல் தடவை கையில் வாங்கியபோது கட்டைவிரலால் கோட்டைத் தடவினாள். குடித்துவிட்டுக் கவிழ்த்து வைத்தாள். எனக்கு அவள் அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு முடியெல்லாம் கொட்டவைக்கிற ஊசி மருந்தும் கரண்ட் வைக்கிற வைத்தியமும் தொடங்கின. வாரம் முழுக்கக் கோயம்புத்தூரில், சனி ஞாயிறு வீட்டில். கரண்ட் என்றால் ஒயரைத் தொட்டது போல அடிக்கும் என்று நான் பயந்தேன். அம்மா அப்படியெல்லாம் இல்லை, எக்ஸ்ரே எடுக்கிற மாதிரி படுத்திருந்தால் போதும் என்றாள். அவள் நெஞ்சில் ஊதா மையால் கட்டம் போட்டு அனுப்புவார்கள். அது அழியக் கூடாது என்பதால் அந்தப் பக்கம் தண்ணி படாமல் நான் சொம்பில் ஊற்ற வேண்டும். ஊதாக் கோட்டுக்குள் தோல் நாளுக்கு நாள் கருத்து, வறட்டி போல வறண்டு வந்தது. அம்மாவின் மேலில் மஞ்சள் வாசம் போய், டெட்டாலும் புழுங்கின துணியும் கலந்த ஒரு வாசம் வந்தது. படுக்கை தட்டுமுட்டுச் சாமான் போடுகிற அறையில். அவள் டம்ளரும் வட்டலும் வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில், துவைக்கிற கல்லுக்கு மேலே ஒரு பொந்தில். நான் அம்மா பக்கத்தில் படுக்கக் கூடாது, அம்மா மிச்சம் வைத்ததைத் தின்னக் கூடாது, ஒட்டிக்கொள்ளும் என்று அத்தை உத்தரவு போட்டாள்.

அத்தை சொன்னதை அந்த வீட்டில் முழுசாக நம்பினது நான்தான். நம்பியதால்தான் செய்தேன்.

அம்மாவால் அப்போது காப்பியைப் பாதிக்கு மேல் குடிக்க முடியாது, குமட்டும். மிச்சத்தை வாழைமரத்தடியில் கொட்டிவிட்டு, டம்ளரைச் சாம்பல் போட்டுத் தேய்த்துப் பொந்தில் வைக்க வேண்டியது என் வேலை. அத்தைக்குக் காப்பி கொண்டுபோய்க் கொடுப்பதும் என் வேலை. அவள் சூடாகக் குடிக்க மாட்டாள். ஆறி ஆடை படிந்த பிறகுதான் குடிப்பாள். ஒரு நாள் பொடக்காளியில் நின்று, அம்மா மிச்சம் வைத்த காப்பியில் நான் ஒரு வாய் குடித்தேன். அம்மாவுக்கு வந்தது எனக்கும் வரட்டும் என்று. பிறகு மீதியை அத்தையின் டம்ளரில் ஊற்றினேன். அத்தைக்கும் வரட்டும் என்று. அவள் முழுசாகக் குடித்து வாயைத் துடைத்துக்கொண்டதைத் தூணைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

அதற்கப்புறம் அம்மா வீட்டிலிருந்த நாளெல்லாம் அதுதான். ஐப்பசியில் தொடங்கி மாரியம்மன் நோம்பி வரைக்கும், அஞ்சு மாசம். ராத்திரி படுக்கும்போது அத்தையின் நெஞ்சில் கடலைப்பருப்பு அளவு ஏதாவது வந்திருக்குமா என்று கணக்குப் போடுவேன். சாமியிடம் அம்மாவைக் காப்பாற்றச் சொல்லி வேண்டினதைவிட இதைத்தான் அதிகம் வேண்டினேன். பத்து வயதுப் பிள்ளை இப்படி இருக்குமா என்று கேட்பீர்கள். இருந்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அத்தைக்கு இடது கன்னத்தில் எப்போதும் புகையிலை அதக்கியிருக்கும். கடைக்குப் போய் வாங்கி வருவதும் நான்தான். வாழைச்சருகில் மடித்துக் கொடுப்பார்கள். வழியெல்லாம் அந்தக் காரம் மூக்கில் ஏறும். கோயம்புத்தூரில் அம்மா படுத்திருந்த வார்டில் வாயில் நோய் வந்தவர்கள் நிறைய இருந்தார்களாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "நங்கையா, அந்தப் பொகையிலைய உட்டுப்போடுங்க. அங்க வாயில வந்தவங்களப் பாத்தா மனசு ஆறலீங்க."

அத்தை பொளிச்சென்று துப்பினாள். "உன்ற சீக்க என்ற தலையில கட்டப் பாக்கறயா? நீ உனக்கு வந்ததப் பாரு" என்றாள். என்னைப் பார்த்து, நின்று வேடிக்கை பார்க்காமல் கடைக்கு ஓடச் சொன்னாள். ஓடினேன்.

அம்மா சாகவில்லை. நடந்ததில் அத்தைக்குப் பிடிக்காதது இதுதான் என்று நினைக்கிறேன். முடி மறுபடி வளர்ந்தது. ஊதாக் கோடு அழிந்தது. மறுவருடம் மிளகாய் பறிக்கப் போனாள். டாக்டர் வருடத்துக்கு ஒரு தடவை வந்து காட்டிவிட்டுப் போனால் போதும் என்றார். ஆனால் டம்ளர் மட்டும் பொந்திலிருந்து உள்ளே வரவில்லை. குணமாகி இருபத்தைந்து வருடம் அம்மா அந்தக் கோடு போட்ட டம்ளரில்தான் குடித்தாள். விசேஷ வீடுகளில் கடைசிப் பந்தியில், ஓரத்து இலையில் உட்கார்ந்து பழகிவிட்டாள். அப்பா ஒரு தடவைகூட ஏன் என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. நான் வேறு வழியில் கேட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்குக் கல்யாண வயது வந்தபோது தாராபுரத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். அவர்களுக்குப் பிடித்திருந்தது. காப்பி கொடுத்தபோது அத்தை அவர்களிடம் பணிவாக, "தைரியமாக் குடிங்க, அவ டம்ளர் தனியா இருக்குதுங்க" என்றாள். என்ன விஷயம் என்று கேட்டார்கள். சொன்னாள். அவர்கள் திரும்ப வரவில்லை. அடுத்து வந்தவர்களுக்கு வருவதற்கு முன்னாலேயே தெரிந்திருந்தது. அதற்கப்புறம் நான் கம்பெனி வேனில் ஏறிவிட்டேன்.

அம்மா ஐம்பத்தெட்டு வயதில் நெஞ்சுவலியில் இறந்தாள். புத்தில் இல்லை. பின்னாலேயே அப்பாவும் போனார். வீட்டில் நானும் அத்தையும் மிச்சம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அத்தைக்கு இடது கன்னத்துக்குள் ஆறாத புண் வந்தது. வாய்ப்புற்று என்றார்கள். கன்னத்திலும் நாக்கிலும் ஒரு பகுதியை எடுத்தார்கள், கரண்ட் வைத்தார்கள். மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு குழாய். பார்த்துக்கொள்ள வேறு யார் இருக்கிறார்கள்? நான் வேலையை விட்டேன். ராகிக் கஞ்சியை மெல்லிசுத் துணியில் வடிகட்டி, மணிக்கணக்குத் தவறாமல் குழாயில் ஊற்றினேன். புண்ணைக் கழுவினேன். ஒரு நாள்கூடக் குறை வைக்கவில்லை. கஞ்சியை அளந்து எடுக்க மட்டும் பரணிலிருந்து அம்மாவின் டம்ளரை இறக்கி வைத்துக்கொண்டேன். முதல் நாள் அத்தை அதைப் பார்த்தாள். கோட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். வாயில் கட்டு இருந்ததால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. நான் நிதானமாக ஊற்றினேன்.

பிழைத்துக்கொண்டாள். இப்போது குழாய் இல்லை, கூழாகக் கரைத்து அதே டம்ளரில் கொடுத்தால் குடிக்கிறாள். பேச்சுதான் குழறுகிறது. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தருகிற பெண் ஒரு தாளில் ரயில், லாரி, வாழை என்று எழுதிக் கொடுத்து, சாப்பாட்டுக்கு முன்னால் ஒவ்வொன்றையும் பத்துத் தடவை சொல்ல வையுங்கள் என்றாள். அத்தை சொல்ல மாட்டாள். ஆனால் பார்க்க வருகிறவர்களிடம் ஒன்றை மட்டும் எப்படியோ புரிகிற மாதிரி சொல்லிவிடுவாள். "தம்பி பொண்டாட்டிகிட்ட இருந்து ஒட்டிக்கிச்சு. அவ எனக்கு உட்டுட்டுப் போன சீரு இதுதான்."

அப்படி அவள் சொல்லும்போதெல்லாம் நான் தலையைக் குனிந்துகொள்வேன். கோபத்தால் மட்டும் இல்லை. அஞ்சு மாசம் ஊற்றின காப்பி முப்பத்தெட்டு வருடம் கழித்து வேலை செய்திருக்கிறது என்று உள்ளுக்குள் ஒரு நிறைவு. அம்மாவின் மேல் பழி விழுகிறதே என்று ஒரு பக்கம் எரியும். ஆனாலும் அந்த நிறைவை விட மனசு வரவில்லை.

போன மாதம் மகளிர் குழுக் கூட்டத்துக்குக் கோயம்புத்தூரிலிருந்து நர்சிங் படிக்கிற பெண்கள் வந்தார்கள். புற்றுநோயைப் பற்றி நமக்கு என்ன தெரியும் என்று வினாடி வினா. ஆளுக்கு இரண்டு அட்டை. சரி என்றால் பச்சை, தவறு என்றால் சிவப்பு. பரிசு, டிபன் டப்பா. நோயிலிருந்து மீண்டவர் என்று அத்தையை முன்வரிசையில் உட்காரவைத்து, துண்டு போர்த்தி, மைக்கை நீட்டினார்கள். அத்தை அங்கேயும் அதையே சொன்னாள். தம்பி பொண்டாட்டி, ஒட்டிக்கிச்சு, சீரு. கூட்டம் உச்சுக்கொட்டியது.

கேள்விகள் தொடங்கின. புற்று என்பது ஒரே நோய், சரியா தவறா. தவறாம். பல வகை உண்டு, ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, வைத்தியம் வேறு. வலிக்காத கட்டிக்குப் பயப்பட வேண்டாம், சரியா தவறா. பாதிப் பேர் பச்சை தூக்கினார்கள். நான் ஒன்பது செவ்வாயை நினைத்துக்கொண்டு சிவப்பைத் தூக்கினேன். நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவருக்குக் கோபம் வருவது தவறு, சரியா தவறா. இதற்கு நான் எதையும் தூக்கவில்லை. அப்படிக் கோபம் வருவது இயல்புதான், அவர்களுக்கும் ஓய்வு வேண்டும் என்று அந்தப் பெண் சொன்னாள். ஓய்வு பற்றி நான் யோசித்ததில்லை.

அடுத்த கேள்வி. "நோய் வந்தவங்களோட தட்டு, டம்ளரப் பயன்படுத்துனா புற்றுநோய் ஒட்டும். சரியா, தவறா?"

கூடம் முழுக்கப் பச்சை. அத்தைதான் இப்போது சொல்லியிருக்கிறாளே. எல்லோரும் அவளைப் பார்த்தபடி தூக்கினார்கள்.

என் மடியில் இரண்டு அட்டையும் கிடந்தன. பதில் எனக்குத் தெரியும் போலவும் இருந்தது, தெரியக் கூடாது போலவும் இருந்தது. பச்சை என்றால் நான் பழிவாங்கிவிட்டேன், ஆனால் அம்மா குற்றவாளி. சிவப்பு என்றால் அம்மா சுத்தம், ஆனால் என் அஞ்சு மாசமும் வெறும் காப்பி. நாற்பது வருடம் நான் உள்ளே வைத்திருந்தது ஒன்றுமே இல்லை என்றாகிவிடும். நான் சிவப்பைத் தூக்கினேன். கூடத்தில் ஒரே ஒரு சிவப்பு.

அந்தப் பெண் மைக்கைக் கொண்டுவந்து, ஏன் அக்கா என்று கேட்டாள். உட்கார்ந்தபடியே சொன்னேன்.

"எனக்குப் பத்து வயசுல, எங்கம்மா குடிச்ச மிச்சக் காப்பிய அஞ்சு மாசம் எங்கத்தைக்கு ஊத்திக் குடுத்தேனுங்க. ஒட்டட்டும்னுதான் குடுத்தேன். நானும் அதுலதான் குடிச்சேன். எனக்கு ஒண்ணும் வரல. எங்கம்மா யாருக்கும் எதையும் உட்டுட்டுப் போகலீங்க."

அந்தப் பெண் தடுமாறிவிட்டாள். "அக்கா சொன்னது சரிங்க. அதாவது, தவறுங்கறதுதான் சரி. ஒட்டவே ஒட்டாதுங்க" என்றாள். சில வகைகள் குடும்பத்தில் தொடரலாம், அதற்குப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும், ஆனால் தொட்டால், குடித்தால், பக்கத்தில் படுத்தால் வராது என்றாள். பக்கத்தில் படுத்தால் வராது. அந்த வார்த்தையை எனக்குள் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தேன்.

உடனே அடுத்த கேள்வி வந்தது. வாய்ப்புற்றுக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று புகையிலை, சரியா தவறா. எல்லோரும் பச்சை தூக்கினார்கள். தூக்கிவிட்டு மெல்ல அத்தையைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் போர்த்தியிருந்த துண்டை இழுத்துக் கன்னத்தை மூடினாள். எனக்கு வாழைச்சருகு வாசம் வந்தது. ஒரு கையால் நான் திட்டமிட்டுக் கொடுத்தது வெறும் காப்பி. இன்னொரு கையால், சொன்ன பேச்சைக் கேட்கிற நல்ல பிள்ளையாக ஓடி ஓடி வாங்கிக் கொடுத்தது அது. அவளே கேட்டு வாங்கிக்கொண்டது. அம்மா ஒருத்திதான் வேண்டாம் என்று சொன்னாள்.

டிபன் டப்பா எனக்குத்தான் கிடைத்தது.

வீட்டுக்கு வந்து பொழுது சாயும்வரை அத்தை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்தபடி கேட்டாள். "காப்பி... நெசமா?"

"நெசந்தானுங்கத்தை."

"அதான் எப்பவும் ஆறியே வந்துச்சா" என்றாள். அப்புறம், "ஒட்டாதுன்னு ஆச்சு. பின்ன இன்னும் எதுக்கு அந்த டம்ளரு?" என்று கேட்டாள்.

நான் பேச்சுப் பயிற்சித் தாளை எடுத்தேன். ரயில், லாரி, வாழை மூன்றையும் பேனாவால் குறுக்கே ஒரே கோடாக அடித்தேன். கீழே ஒரே ஒரு பேரை எழுதினேன். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். டம்ளரை அவள் கையில் கொடுத்தேன். கட்டைவிரல் கோட்டைத் தடவியது, கோட்டுக்குக் கீழே புள்ளிகளைத் தடவியது. எழுத்துத் தெரியாவிட்டாலும் அது யார் பேர் என்று அவளுக்குத் தெரியும்.

"இதச் சொல்லுங்கத்தை. பத்துத் தடவை. அப்புறம் கூழு குடிக்கலாம்."

டம்ளரைக் கட்டிலில் வைத்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

காலையில் பத்து, பொழுதோடு பத்து. ஒரு மாதம் ஆகிறது. முதல் எழுத்து வந்துவிட்டது. நடுவில் ஓர் எழுத்துக்கு நாக்கு நன்றாக மடங்க வேண்டும். அவளுக்கு மிச்சமிருக்கிற நாக்கு மடங்க மாட்டேன் என்கிறது. சில சமயம் எதிரே உட்கார்ந்திருக்கும் எனக்கே பாவமாக இருக்கிறது. ஆனால் நான் செக்கிங்கில் இருந்தவள். சின்னப் பிசிறு இருந்தாலும் விட மாட்டேன்.

"வரலீங்கத்தை. இன்னொருக்காச் சொல்லுங்க" என்கிறேன்.